42 டிகிரி என்றால் 42 டிகிரி: கிண்டி எஸ்டேட்டில் ஒரு ரிப்பேர் பட்டறை

கிண்டி தொழிற்பேட்டையில் லேப் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு சின்னப் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். வாசலில் போர்டு கிடையாது. பெயரையும் போட வேண்டாம் என்று பட்டறை அண்ணன் சொல்லிவிட்டார். இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லையாம். எப்படிப் போய்ச் சேர்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சரி செய்ததற்காக ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

நான் செல்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். 27 வருடமாக ஒரே கேள்விதான். செல்லுக்குச் சூடு பட்டால் எந்தெந்த மரபணு விழித்துக்கொள்கிறது, யார் எழுப்புகிறார்கள், சூடு தணிந்ததும் யார் அதை மறுபடி தூங்க வைக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு வேண்டிய கருவிகளிலேயே மலிவானது வாட்டர் பாத். ஒரு ஸ்டீல் தொட்டி, அடியில் ஹீட்டர், ஓரத்தில் ஒரு சென்சார், தண்ணீரைச் சுற்றிவிட ஒரு சின்ன மோட்டார், முன்னால் சிவப்பு எழுத்தில் ஒரு டிஸ்ப்ளே. மைக்ராஸ்கோப்புக்கு உறை தைத்துப் போடுகிற நாங்கள் இதைத் துடைப்பதுகூட இல்லை. ஆனால் என் வேலையில் சோதனை நடப்பதே அந்தத் தொட்டிக்குள்தான். செல்கள் வளர்ந்திருக்கும் டிஷ்ஷின் ஓரத்தைப் பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாளால் இறுக்கிச் சுற்றி 42 டிகிரி தண்ணீரில் அமிழ்த்துவோம். மனித செல்லுக்கு 37 டிகிரி சொந்த வீடு. 42 என்பது ஃபாரன்ஹீட்டில் 107.6. அப்படி ஒரு காய்ச்சல் வந்தால் எந்த அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். செல்லும் அதைத்தான் செய்கிறது. இருக்கிற வேலையையெல்லாம் போட்டுவிட்டு, உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிற புரதங்களை அவசர அவசரமாகச் செய்ய ஆரம்பிக்கிறது. அவற்றில் முக்கியமான ஒன்று ஹெச்எஸ்பி70.

இந்தத் துறை பிறந்ததே சூடு தவறிப்போன ஒரு பெட்டியில்தான். இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்பவர் பழ ஈயின் புழுக்களில் உமிழ்நீர்ச் சுரப்பி குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்தவர் யாரோ இன்குபேட்டரின் சூட்டை ஏற்றிவிட்டார். மறுபடி பார்த்தால், குரோமோசோமில் வழக்கமாக இல்லாத இடங்களில் வீக்கம். எங்கள் பாஷையில் அதற்குப் பஃப் என்று பெயர். அங்கே மரபணு திறந்து, அதன் நகலான ஆர்என்ஏ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1962-ல் அதை வெளியிட்டார். 1974-ல்தான் டிசியேர், மிட்செல், டிரேசி என்ற மூன்று பேர், அந்தச் சூட்டில் புதிதாக வருகிற புரதங்களைக் காட்டினார்கள். நடுவில் பன்னிரண்டு வருடம் அது ஒரு சின்ன வட்டத்தின் வேடிக்கையாகவே இருந்தது. நம் ஊரையும் விட்டுவிடக் கூடாது. 1970-லேயே எஸ்.சி. லகோடியாவும் ஏ.எஸ். முகர்ஜியும், பென்சமைட் என்ற ரசாயனம் பட்டால் குரோமோசோமில் 93டி என்ற ஒரே ஒரு இடம் மட்டும் வீங்குவதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே வரும் ஆர்என்ஏவில் பெரும்பகுதி புரதமாக மாறுவதே இல்லை. அப்படியென்றால் அது என்னதான் செய்கிறது என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்தில் லகோடியா பல பத்தாண்டுகள் உழைத்தார். நான் எம்.எஸ்ஸி படிக்கும்போது அவருடைய கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதி எழுதித்தான் இந்த வேலைக்குள் வந்தேன்.

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

என் மாணவி ஒருத்தி, பிஹெச்.டி மூன்றாம் வருடம். திங்கட்கிழமை சூடு கொடுத்தால், ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஹெச்எஸ்பி70 பட்டை தடியாக வரும். வியாழக்கிழமை அதே செல், அதே ஒரு மணி நேரம், புரதத்தை அடையாளம் காட்டும் அதே ஆன்டிபாடி. பட்டை கண்ணுக்கே தெரியாது. நான்கு மாதம் இப்படிப் போனது. ஆன்டிபாடி பழசாகிவிட்டது என்று புதிதாக வாங்கினோம். செல்லுக்கு ஊட்டும் சீரத்தை மாற்றினோம். செல்லுக்கு வயதாகிவிட்டதோ என்று திரவ நைட்ரஜனிலிருந்து புதுக் குப்பி எடுத்து வளர்த்தோம். ஒரு மீட்டிங்கில் மூத்த மாணவர் ஒருவர், "அவ கைல ஏதோ பிரச்சனை" என்று சாதாரணமாகச் சொன்னார். ஆராய்ச்சிக் கூடத்தில் இதைவிடக் கொடுமையான வார்த்தை இல்லை. அவள் எதுவும் பேசவில்லை. அன்று சாயங்காலம் நான் போகும்போதும் பைபெட் என்ற அளவுக் குழாயில் எடுத்த தண்ணீரைத் திரும்பத் திரும்பத் தராசில் விட்டு அளந்துகொண்டிருந்தாள், தன் கை சரிதானா என்று பார்க்க.

மறுநாள் பி.எஸ்ஸி பிராக்டிகல் லேபிலிருந்து ஒரு பாதரச தெர்மாமீட்டரை வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். டிஸ்ப்ளேயில் 42.0. தெர்மாமீட்டரில் 40.7. அடுத்த நாள் 41.3. மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று.

ஒரு டிகிரிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். எங்களுக்கு அந்த ஒரு டிகிரிதான் எல்லாமே. சூடு பட்டதும் ஹெச்எஸ்எஃப்1 என்ற புரதம் மூன்று மூன்றாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் தனக்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து, ஹெச்எஸ்பி70 மரபணுவை முடுக்குகிறது. 1991-ல் ரிச்சர்ட் மோரிமோட்டோவின் குழு ஹீலா என்ற மனித செல்களில் ஒரு விஷயத்தைக் காட்டியது. செல்லை 42 டிகிரியிலேயே வைத்திருந்தாலும் சில மணி நேரத்தில் ஹெச்எஸ்எஃப்1 தானாக டிஎன்ஏவை விட்டு இறங்கிவிடுகிறது. 43 டிகிரியில் வைத்தால் இறங்குவதில்லை. 42-க்கும் 43-க்கும் நடுவில் செல் வேறு ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவைப் பற்றித்தான் என் மாணவியின் ஆய்வேடே. அவள் நான்கு மாதமாக 40.7-ல் உட்கார்ந்துகொண்டு 42-ஐத் தேடியிருக்கிறாள்.

வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தது. கூப்பிட்டோம். வந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார், டிஸ்ப்ளேயைப் பார்த்தார். "42 காட்டுதே மேடம்" என்றார். தெர்மாமீட்டரைக் காட்டினேன். "கிளாஸ் தெர்மாமீட்டரை நம்ப முடியாது" என்று சொல்லி, 'நன்றாக இயங்குகிறது' என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார். புதுசு வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கொட்டேஷன் கேட்டோம். லட்சத்தை ஒட்டி வந்தது. அந்த வருடம் எங்கள் கிராண்ட்டில் அதற்கு இடமில்லை.

எங்கள் லேப் அட்டெண்டர்தான் அப்போது, "கிண்டில ஒரு அண்ணன் இருக்காரு மேடம், ஒரு தடவை காட்டிப் பாக்கலாமே" என்றார்.

தண்ணீரை வடித்து, தொட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மாணவியின் மடியில் பாதியும் என் மடியில் பாதியுமாக வைத்துக்கொண்டு போனோம். லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெரு. இரும்புத் தூள் வாசனை, கட்டிங் ஆயில் வாசனை. ஷட்டருக்கு உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். சுவர் முழுக்கப் பிரிட்டானியா பிஸ்கட் டின்கள், ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எழுதியிருந்தது: கார்பன் பிரஷ், ரிலே, ஃபியூஸ், நாப். தரையில் ஒரு சென்ட்ரிஃபியூஜ் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். தொட்டியை உடனே பிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தார்.

"எத்தனை டிகிரில ஓட்டுவீங்க?"

"42, அண்ணே."

"எத்தனை பாயின்ட் விட்டா பரவால்ல?"

இந்த மாதிரித் தொட்டிகளை வைத்து இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேன். விற்றவர்களோ சர்வீஸ் செய்ய வந்தவர்களோ ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. 0.2-க்குள் இருக்க வேண்டும் என்றேன்.

"அப்ப மிஷின மட்டும் பாத்தா பத்தாது, தண்ணியப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, பையனை அனுப்பி எதிர்ப்பக்க ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வகுப்பில் இப்போது சொல்லிக் கொடுக்கிறேன். ஐஸை ஒரு துணியில் கட்டி, மரச் சுத்தியலால் மாவு மாதிரி நுணுக்கினார். ஒரு பழைய டீ பிளாஸ்கில் அதைக் கொட்டி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கொஞ்சமாக விட்டு, ஸ்பூனால் கலக்கினார். ஐஸ் மிதக்கக் கூடாது, தண்ணீரும் தனியாகத் தெரியக் கூடாது. ஈரமான சர்க்கரை மாதிரி இருக்க வேண்டும் என்றார். அதுதான் பூஜ்யம் டிகிரி. அதற்கு எந்த கம்பெனியின் சர்டிஃபிகேட்டும் தேவையில்லை. தொட்டியின் சென்சாரைக் கழற்றி அதில் செருகினார். பிடி100 என்கிற வகை சென்சார் அது. உள்ளே இருக்கும் பிளாட்டினக் கம்பி பூஜ்யத்தில் சரியாக 100 ஓம் மின்தடை காட்டும். டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம் ஏறும். மீட்டரின் முனையைச் சென்சாரின் கழுத்திலேயே வைத்தார்: 100.0. அப்புறம் ஒயரின் அந்தக் கோடியில், ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் மாட்டுகிற இடத்தில் வைத்தார்: 100.5.

"சென்சார் மேல தப்பு இல்ல. பாதில யாரோ கை வச்சிருக்காங்க" என்றார்.

கருப்பு டேப்பை உரித்தார். மூன்று ஒயர் போக வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் போயிருந்தது. நடுவில் வெறும் கையால் முறுக்கிய ஒரு ஜாயின்ட், பச்சை பூத்துப்போய். முன்பு எப்போதோ சென்சார் மாற்றியவர் செய்த வேலை. மூன்றாவது ஒயர் எதற்கு என்று என் மாணவி கேட்டாள். அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: கன்ட்ரோலருக்குத் தெரிவது ஓம் மட்டும்தான். அது சென்சாரின் ஓமா, ஒயரின் ஓமா என்று அதற்குத் தெரியாது. மூன்றாவது ஒயர் இருந்தால் ஒயருடைய பங்கைக் கழித்துக்கொள்ளும். அது இல்லாததால், ஒயரும் துருவும் சேர்ந்து கொடுத்த அரை ஓமைச் சூடு என்று நினைத்துக்கொண்டது. அரை ஓம் என்றால் 1.3 டிகிரி. 40.7-ல் இருந்துகொண்டே 42 வந்துவிட்டது என்று ஹீட்டரை நிறுத்தியிருக்கிறது. மழைக்காலத்தில் துரு ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி. திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஜாயின்ட்டில்தான் இருந்தது.

மாணவி அந்த ஒயர்த் துண்டைக் கேட்டு வாங்கிப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கோளாறு எங்கள் தப்பு. தண்ணீரைச் சுற்றிவிடும் மோட்டாரின் விசிறி இலை அசையவே இல்லை. டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இலையின் மேல் முட்டை ஓடு மாதிரி உப்பு படிந்திருந்தது. அதை அண்ணன் சுரண்டவில்லை. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, இலையை அதில் போட்டு, நுரை அடங்கும்வரை விட்டுவிட்டு, பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தார். சுரண்டினால் ஸ்டீலில் கீறல் விழும், அடுத்த தடவை உப்பு அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஏறும் என்றார். மோட்டார் ஏற்கனவே சூடாகிப் போயிருந்ததால் அதை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

நான்கு நாளில் தருவதாகச் சொன்னார். பதினோரு நாள் ஆனது. இதை மறைக்க விரும்பவில்லை. போன் எடுக்க மாட்டார். எடுத்தால் பையன் எடுப்பான், "வேலைல இருக்காரு" என்பான். அவசரமாகச் சோதனை வைத்திருப்பவர்கள் அவர் சொல்கிற நாளை ஏறக்குறைய மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பதினோராவது நாள் அவரே தொட்டியைக் கொண்டு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. "உங்க தண்ணில, உங்க கரன்ட்ல பாக்காம எப்படிக் கொடுக்கறது?" என்றார். தொட்டியை நிரப்பி, ஆன் செய்து, ஒன்றரை மணி நேரம் எங்கள் லேபில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் சூடு 43.1 வரை போய், 41.6-க்கு இறங்கி, மறுபடி ஏறியது. ஹீட்டரை எப்போது எவ்வளவு ஓட்டுவது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் பிஐடி செட்டிங்கை மாற்றினார். அடுத்த தடவை 42.4 போய் நின்றது. இன்னும் ஒரு தடவை. 42.1-க்கு மேல் போகவில்லை. ஐந்து இடத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, நான்கு மூலை, நடு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் 41.9-க்கும் 42.1-க்கும் நடுவில். அந்தத் தாளை நாங்கள் லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

அவர் செட் செய்துகொண்டிருந்தபோது நான் சொன்னேன், "அண்ணே, நீங்க இப்ப செய்றதைத்தான் செல்லும் செய்யுது." உண்மையிலேயே அப்படித்தான். ஹெச்எஸ்பி70 போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே போய் ஹெச்எஸ்எஃப்1-ஐப் பிடித்து அடக்குகிறது என்று 1998-ல் மோரிமோட்டோ குழு காட்டியது. தன்னை உண்டாக்கச் சொன்னவரையே, போதும் நிறுத்து என்று சொல்லும் ஏற்பாடு. இவர் ஹீட்டருக்குச் செய்ததும் அதுதான்: இலக்கு நெருங்க நெருங்கக் கையைத் தளர்த்துவது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னா பண்றீங்கன்னு நானும் பாக்கலாமா?"

எம்.எஸ்ஸி பிராக்டிகலுக்காகப் பழ ஈ வளர்க்கிறோம். நல்ல கொழுத்த மூன்றாம் நிலைப் புழு நாலைந்தை ஒரு குப்பியில் போட்டு, அவர் அப்போதுதான் செட் செய்த தொட்டியை 37-க்கு இறக்கி, அரை மணி நேரம் வைத்தோம். நமக்கு 37 சாதாரணம். 25 டிகிரியில் வளரும் ஈக்கு அதுவே கொதிக்கிற வெயில். சுரப்பியை எடுத்து, ஆர்சினில் சாயமேற்றி, கண்ணாடிச் சில்லை வைத்துக் கட்டை விரலால் அழுத்திப் பரப்பினாள் என் மாணவி. அந்த அழுத்தம் எவ்வளவு என்பதைப் புத்தகத்தில் எழுத முடியாது. கொஞ்சம் குறைந்தால் குரோமோசோமின் கைகள் பிரியாது, கூடினால் நூல் நூலாகக் கிழிந்துவிடும். அவளுக்கு முதல் தடவையே வந்தது.

மூன்றாம் குரோமோசோமின் வலது கையைத் தேடிப் பிடித்து, 87ஏ, 87சி என்ற இரண்டு இடங்களையும் நடுவில் நிறுத்தி, அவரைப் பார்க்கச் சொன்னேன். பட்டை பட்டையாகப் போகிற கயிற்றில் அந்த இரண்டு இடம் மட்டும் பஞ்சு பிரிந்த மாதிரி உப்பியிருக்கும். ஈயின் ஹெச்எஸ்பி70 மரபணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. சூடு இல்லாத சமயத்திலும் அங்கே பாலிமரேஸ் என்ற எழுத்து இயந்திரம் ஏற்கனவே ஏறி, கொஞ்ச தூரம் போய், அப்படியே நிற்கும். 1980-களில் ஜான் லிஸ் குழு கண்டுபிடித்தது இது. சைதாப்பேட்டை சிக்னலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற ஆட்டோ மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். பச்சை விழுந்த நொடியில் பாய வேண்டுமே, அதற்குத்தான்.

அவர் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையால் ஃபோகஸ் குமிழை முன்னும் பின்னும் மெல்லத் திருகிக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லித் தரவில்லை.

"சூடு எறங்குனா இதுவும் எறங்கிடுமா?"

"எறங்கிடும்ணே."

"எவ்ளோ நேரத்துல?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. 27 வருடமாக என்னை இந்த வேலையில் வைத்திருக்கிற கேள்வி அது. தேர்வாளர்கள், கமிட்டிகள், எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் எப்படி எழும்புகிறது என்றுதான் கேட்பார்கள். எப்படி இறங்குகிறது, எத்தனை நேரத்தில் என்று முதல் கேள்வியாகக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அது சூட்டின் அளவையும், எவ்வளவு நேரம் கொடுத்தோம் என்பதையும் பொறுத்தது என்று சொல்லி, கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். "நம்ம கன்ட்ரோலர் கிராஃப் மாதிரியே இருக்கு" என்றார். அன்று வீட்டுக்குப் போக அவருக்கு ஏழு மணி ஆகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மாணவியின் பட்டைகள் மூன்று தடவை வைத்தால் மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தன. 42-ல் மூன்று மணி நேரத்தில் ஹெச்எஸ்எஃப்1 இறங்குகிறது, 43-ல் இறங்கவில்லை. மற்றவர்கள் முப்பது வருடத்துக்கு முன்னால் பார்த்ததை எங்கள் தொட்டியிலும் பார்த்தோம். இனிமேல்தான் அவளுடைய சொந்தக் கேள்வி தொடங்குகிறது. கையைக் குறை சொன்ன அந்த மூத்த மாணவர் தானாகவே வந்து வருத்தம் சொன்னார். அந்த மீட்டிங்கில் நான் உடனே மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் இருந்தது என் தவறு. அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

இனி பணம். மூன்று ஒயர் சென்சார் 650 ரூபாய், மோட்டார் 1,900, வேலைக் கூலி 1,500. ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 4,779. பில் ஒழுங்காகக் கொடுக்கிறார். எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவு ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. அரசு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். லேபுக்கு வந்து உட்கார்ந்த நேரத்துக்கு எதுவும் வாங்கவில்லை. நான் வற்புறுத்தியும் ஆட்டோ காசு மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு சென்ட்ரிஃபியூஜ், இரண்டு ஜெல் பவர் பேக், ஒரு ஹாட் பிளேட் கொடுத்திருக்கிறோம். பவர் பேக் இரண்டும் இன்றுவரை பிரச்சனை இல்லை. சென்ட்ரிஃபியூஜில் பிரஷ் மாற்றினார், ஓடுகிறது, ஆனால் முன்பைவிடச் சத்தம் கொஞ்சம் அதிகம். திருப்பிக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். தொட்டியின் மூடிக்கு வேறு அளவு ஸ்க்ரூ போட்டிருந்தார், அது இன்னும் ஆடுகிறது.

எதற்குப் போக வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். மைனஸ் 80 ஃப்ரீசரை அவர் தொட மாட்டார். கம்ப்ரஸர் ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுவார். கிருமி படாமல் வேலை செய்ய வடிகட்டிய காற்றை வீசும் லாமினார் ஃப்ளோவின் ஃபில்டர் வேலையும் கிடையாது. பிஹெச் மீட்டரின் எலக்ட்ரோடு போய்விட்டால், "ரிப்பேர்னு காசு வாங்குனா அது பொய்ம்மா, புதுசு வாங்கிக்கோ" என்பார். முக்கியமாக ஒன்று: அவர் எழுதிக் கொடுக்கும் தாள் அங்கீகாரம் பெற்ற கேலிபரேஷன் சான்றிதழ் இல்லை. நோயாளிகளின் மாதிரியைச் சோதிக்கும் லேபாக இருந்தால், தணிக்கைக்கு அந்தத் தாளைக் காட்ட முடியாது. பழுதை இவரிடம் சரி செய்துகொண்டு, கேலிபரேஷனை அங்கீகாரம் உள்ள இடத்தில் தனியாகச் செய்துகொள்ளுங்கள். எங்களைப் போன்ற ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் பிளாஸ்கில் இருக்கும் ஐஸும் ஒரு நல்ல தெர்மாமீட்டரும் போதும். நாங்கள் இப்போது மாதம் ஒரு முறை அதைச் செய்கிறோம், முதல் திங்கட்கிழமை காலையில். ஐஸ் நுணுக்குவது யார் முறை என்று ஃப்ரிட்ஜ் மேல் அட்டவணை இருக்கிறது.

போகிறவர்கள் தொட்டியைக் காலி செய்து, துடைத்து எடுத்துப் போங்கள். எத்தனை டிகிரியில் ஓட்டுகிறீர்கள், எத்தனை பாயின்ட் தாங்கும் என்பதை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், கண்டிப்பாகக் கேட்பார். கிண்டி ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் எஸ்டேட்டுக்குள் இறங்கி, லேத் பட்டறைத் தெருவில் எந்த டீக்கடையிலும் "லேப் மிஷின் அண்ணன்" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். ஞாயிறு விடுமுறை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தரையில் ஒரு தூக்கம் போடுவார். அந்த நேரத்தில் தட்டாதீர்கள்.